வக்கீலிடம் போகுமுன்

(பிள்ளைச்சாவடிக் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! 1936 ஜூலை 30-ல் புதுவையில் 12 மில் தொழிலாளர் குண்டுக்குப் பலியாயினர். அவர்கள் ரத்தத்தில் விளைந்ததே எட்டு மணி நேர வேலைச் சட்டம். அப்படிப் பெற்ற உரிமையைக் கோர்ட்டில் கோட்டை விடலாமா?

வக்கீலிடம் போகுமுன் நடந்ததைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுவோம். சம்பளச் சீட்டு, நோட்டீஸ், பிரெஞ்சில் எழுதிய பழைய மனைப்பத்திரம் எல்லாம் எடுத்துப் போவோம். ஆனால் நாம் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை மட்டும் மறைத்துவிடுகிறோம்! முதலாளியின் வக்கீல் அதை நீட்டும்போது நம் வக்கீல் திருதிருவென்று விழிப்பார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கெடு என்று, செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். மூலப்பத்திரம் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும்.

பணமில்லையா? 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்புக்குள் வரும் விவசாயத் தொழிலாளருக்கும் உண்டு. தொலைபேசி எண் 15100.