பாடநூலில் ஒரு வரி: மயஸ்தீனியாவும் விழி ஏற்பமைவும்



இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்தமையைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இங்கே நின்று பேசுவதில் சற்றுப் படபடப்பும் உண்டு.

நரம்புத்தசை நோய்களுக்கான புதிய சிகிச்சைகளே நமது பொதுப் பொருள். 1973இல் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கின் அசிட்டைல்கோலின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தி, தசைகள் விரைவில் தளரும் மயஸ்தீனியாவை ஒத்த நோயை உண்டாக்கிக் காட்டியதையோ, 2001இல் மயஸ்தீனியா நோயாளிகளிடம் மஸ்க் ஆன்டிபாடி கண்டறியப்பட்டதையோ இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதிய மருந்துகளைப் பற்றி அடுத்து வரும் அமர்வுகள் விரிவாகப் பேசும். எனக்குரிய நேரத்தை, நெடுநாளாக மனத்தை உறுத்தும் ஒன்றுக்குச் செலவிட அனுமதி வேண்டுகிறேன்.

மயஸ்தீனியா பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறது. இமை தொங்கும், பார்ப்பது இரண்டாகத் தெரியும். கண்பாவையும், கிட்டப் பொருளுக்கேற்ப லென்ஸின் குவியத்தை மாற்றும் விழி ஏற்பமைவும் மட்டும் பாதிக்கப்படுவதில்லை என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. ஆன்டிபாடி தாக்குவது எலும்புத்தசையின் நிகோட்டினிக் ஏற்பியை. லென்ஸைத் தடிக்கச் செய்யும் சிலியரித் தசையில் இருப்பதோ மஸ்கரினிக் ஏற்பி. இதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் கச்சிதமாக இருப்பதால் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளந்து பார்த்தவர்கள் சிலர் உண்டு. 1965இல் மேன்சனும் ஸ்டெர்னும் இந்நோயாளிகளின் அண்மைப் பார்வைக் குறைபாடு பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். போலிக் கிட்டப்பார்வையே நோயின் முதல் அறிகுறியாக வரக்கூடும் என்று 1973இல் ரோமனோவும் ஸ்டார்க்கும் காட்டினார்கள். இவையெல்லாம் தனி நோயாளிக் குறிப்புகள், நோயாளியின் பொதுச் சோர்வைத்தான் காட்டுகின்றன என்று நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களோடு இதில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை.

சிலியரித் தசை பழுதற்றது என்றே வைத்துக்கொள்வோம். கிட்டத்தில் பார்க்கும்போது இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புவதும் லென்ஸ் தடிப்பதும் மூளை சேர்த்து இடும் கட்டளைகள். விழியை உள்ளே இழுக்கும் உள்நேர்த்தசை எலும்புத்தசை வகை. அது தளர்ந்தால் மூளை கட்டளையை மிகைப்படுத்துகிறது. அந்த மிகைக்கு லென்ஸும் கட்டுப்பட, தூரப் பார்வை மங்குகிறது. சிலியரித் தசை பழுதில்லை என்பதால் குவியமும் பழுதில்லை என்று முடிவு கட்டுவது எப்படிச் சரியாகும்?

நாம் மறந்துவிட்ட ஒரு மூலத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 1863இல் எடின்பரோவில் ஆர்கில் ராபர்ட்சன் காலபார் அவரைச் சாற்றைத் தன் கண்ணிலேயே இட்டுப் பார்த்தார். கண்பாவை சுருங்கியது, தற்காலிகக் கிட்டப்பார்வை உண்டானது. அதே அவரையிலிருந்து பெறப்படும் பைசோஸ்டிக்மினைத்தான் 1934இல் கிரீனிச்சின் செயின்ட் ஆல்ஃபேஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் மயஸ்தீனியா நோயாளிக்கு ஊசியாகச் செலுத்தினார். தொங்கிய இமை உயர்ந்தது. குவியத்தை மாற்றும் மருந்தும் தசையை எழுப்பும் மருந்தும் ஒன்றே. நாம் இன்று தரும் பைரிடோஸ்டிக்மினும் அந்த வழியில் வந்ததுதான். மாத்திரை தொடங்கிய பிறகு நோயாளி பார்வை மங்குகிறது என்றால், அது நோயினாலா மருந்தினாலா? முன்பே அளந்து வைக்காதவர் இதற்கு விடை சொல்ல முடியாது.

அளப்பது எளிது. நாற்பது வயதுக்குட்பட்ட நோயாளியின் முன் ஆர்.ஏ.எஃப். அளவுகோலை வைத்து, எழுத்து வரியை மெல்ல நகர்த்தி, மங்கும் இடத்தை, அதாவது அண்மைப்புள்ளியைக் குறியுங்கள். இடைவெளியின்றிப் பலமுறை செய்யுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடி மீண்டும் செய்யுங்கள். இரு கண்ணாலும் பார்க்கும்போது மட்டும் அண்மைப்புள்ளி தள்ளிப்போனால், இரு விழிகளும் இணைந்து திரும்புவதில்தான் சிக்கல். ஒற்றைக் கண்ணிலும் தள்ளிப்போனால், பாடநூலின் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

நரம்பியல் துறையினர் குவியத்தைக் கண் மருத்துவரிடம் விடுகிறோம். கண் மருத்துவர்கள் தளர்ச்சியை நம்மிடம் விடுகிறார்கள். இடையில் நிற்கும் நோயாளி கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஆகவே இளைய ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: முதல் மாத்திரை தருவதற்கு முன் அண்மைப்புள்ளியை அளந்து, நோயாளியின் கோப்பில் எழுதிவையுங்கள். அந்த அளவுகள் என் கருத்தை மறுத்தாலும் வெளியிடுங்கள்.

இவ்வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.