முட்டியிற் பூசிய சுண்ணாம்பு

யாழ்ப்பாணத்துப் பனை ஒன்றே. அதன் பாளையிலிருந்து வடியும் சாறும் ஒன்றே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் காலையிலே கருப்பநீர் கிடைக்கிறது. பூசாது விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிறது. புளித்த பின்னர் எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் அது மீண்டும் கருப்பநீர் ஆவதில்லை. பிள்ளைகளைக் குடியினின்றும் காக்கும் பெற்றோர் கடமையும் இவ்வாறே முன்கூட்டிச் செய்யப்பட வேண்டியதாகும்.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் மதுவிலக்கை வற்புறுத்தினார். அவரை அழைத்தவர்கள் வாலிப காங்கிரசார். அவர்களுள் முன்னின்ற ஹன்டி பேரின்பநாயகம் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். அன்று இளைஞரே மதுவை எதிர்த்து முன்வந்தனர். இன்றோ, அதே கொக்குவிலிலும் அயலூர்களிலும் இளைஞரை மதுவினின்றும் காக்கும் வழியைப் பெரியோர் நாட வேண்டியிருக்கிறது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. ஆனால், சட்டம் கடை வாசலிலே நிற்பது. கலியாண வீட்டின் பின்வளவிலே மாமன் ஒருவர் வேடிக்கையாக மருமகன் கையிற் கொடுக்கும் முதற் குவளையை எந்தக் காவலர் காண்பார்? பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கும் மூளைப்பகுதி ஏறத்தாழ 25 வயதளவிலேயே முதிர்கிறது என்பர் மருத்துவர். முதிராத மூளைக்கு அவ்வேடிக்கை நஞ்சாகும்.

ஆகவே, காவல் வீட்டிலே தொடங்குதல் வேண்டும். மகனை அனுப்பிப் போத்தல் வாங்குவிக்கும் தந்தை, பின்பு அவனுக்குப் புத்தி கூறுவதில் பயன் யாது? மகனின் முதற் பிழையைத் தந்தைக்குத் தெரியாமல் மறைக்கும் தாய், இரண்டாம் பிழைக்கும் இடங் கொடுக்கிறாள். மாலை வகுப்பு முடிந்து பிள்ளை எப்போது, யாருடன் திரும்புகிறான் என்று கேட்பதும், வெளிநாட்டு உறவினர் அவனுக்கு அனுப்பும் பணம் எவ்வழியிற் செலவாகிறது என்று அறிவதும் சந்தேகத்தின் பாற்பட்டவை அல்ல, அன்பின் பாற்பட்டவை.

இத்தனைக்கும் பின்னர் ஒருவன் தவறினால் என் செய்வது? பிள்ளை பனஞ்சாறு அன்று; அவன் திருந்தக் கூடியவன். ஊரறிய அடித்து வெளியேற்றினால் குடிப்போர் கூட்டமே அவனுக்கு வீடாகும். மறுநாட் காலை, மயக்கம் தெளிந்த வேளையில், அருகிருத்தி அமைதியாகப் பேசும் தந்தையே அவனை மீட்கிறார்.

ஆயினும், மீட்பதினும் காப்பது எளிது. கருப்பநீர் இறக்குவோன் முட்டியைக் கட்டுமுன் சுண்ணாம்பு பூச மறப்பதில்லை. பெற்றோர் மறக்கலாமா?