நோய்ச் செலவுக்கும் முன்னேற்பாடு



பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்று தவறாமல் கேட்கிறீர்கள். வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன ஏற்பாடு? நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்வதுதான் நம் வழக்கம்.

2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். நோய் வந்தபின் அலைவது பெரும்பாடு.

ஒன்றை மறவாதீர்கள். எல்லா மருத்துவமனைகளும் இதில் சேரவில்லை. எல்லாச் சிகிச்சைகளும் பட்டியலில் அடங்கா. பணம் கட்டுமுன் இவ்விரண்டையும் கேட்டுத் தெளியுங்கள். ஐயமிருப்பின் 1800 425 3993 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

சாலை விபத்தானால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை.