தோற்ற ஆட்டத்தைக் கசக்கி எறியாதீர்கள்

(சதுரங்கக் கழக மாணவியருக்குப் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கு சதுரங்க அணியில் இருந்த காலத்தில், போட்டியில் தோற்றால் நகர்வுகளைக் குறித்த தாளை முதல் வேலையாகக் கசக்கி எறிந்துவிடுவோம். வென்ற ஆட்டத்தின் தாள் மட்டும் கொப்பிக்குள் பத்திரமாக இருக்கும். வருடக்கணக்காக ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் செய்தோம் என்பது பிற்காலத்திலேயே எங்களுக்கு விளங்கியது. அந்த நட்டம் உங்களுக்கு வரக்கூடாது என்றே இன்று பேச வந்தோம்.

பாடசாலை, ரியூசன், பரீட்சை எல்லாம் போக உங்களுக்கு ஒரு நாளில் அரை மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. அதையும் கைத்தொலைபேசியில் மூன்று நிமிட ஆட்டங்களாக விளையாடித் தீர்த்தால் கை வேகப்படும், சிந்தனை வளராது. அந்த நேரத்தை மூன்று வேலைகளுக்குப் பங்கிடுங்கள்.

முதலாவது, தோற்ற ஆட்டம். பலகையை வைத்து, கணினியின் உதவியின்றி, முதல் நகர்விலிருந்து ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் எதிராளியின் நகர்வு உங்களைத் திகைக்க வைத்தது? அதற்கு முன் நீங்கள் என்ன நினைத்திருந்தீர்கள்? இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். அதன் பின்னரே கணினியைக் கேளுங்கள். சரியான நகர்வு எது என்று கணினி சொல்லும். அதை நீங்கள் ஏன் காணவில்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 1948இல் உலகச் சம்பியனான மிகைல் பொட்வினிக், தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து அச்சிலும் வெளியிட்டார். பிழை இருந்தால் பிறர் காட்டட்டும் என்பது அவர் எண்ணம். நாம் ஒரு தாளை மறைக்கலாமா?

இரண்டாவது, புதிர்கள். நாளுக்கு ஐந்து போதும். முழு விடையும் மனதில் தெரியும்வரை காயைத் தொடாதீர்கள். தவறியவற்றுக்கு அடையாளமிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்யுங்கள்.

மூன்றாவது, இறுதியாட்டம். மற்றெல்லாவற்றுக்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்றவர் கியூபாவின் கப்பபிளங்கா. ஓர் உதாரணம்: உங்களிடம் அரசனும் ஒரு காலாளும், எதிரியிடம் அரசன் மட்டும். காலாளை முதலில் ஓடவிட்டு அரசனைப் பின்னால் நடத்தினால் பெரும்பாலும் சமநிலைதான். உங்கள் அரசன் காலாளுக்கு முன்னே சென்று ஆறாவது வரிசையைப் பிடித்துவிட்டால், எதிர் அரசன் நேரெதிரே நின்றாலும், யாருடைய முறையானாலும், வெற்றி உங்களுக்கே. ஓரத்துக் காலாளுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்த ஒன்றை அறியாமல் வெல்ல வேண்டிய ஆட்டங்களை நாங்கள் சமநிலையில் விட்டிருக்கிறோம். தொடக்க நகர்வுகளை மனனம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது பெண்களுக்கான விளையாட்டல்ல என்று யாரும் சொன்னால், ஹங்கேரியின் போல்கார் சகோதரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சூசன், சோபியா, யூடித் மூவரும் வீட்டிலேயே தந்தையிடம் பயின்றவர்கள். 1988இல் தெசலோனிக்கி ஒலிம்பியாட்டில், இல்டிகோ மாட்ல் என்பவரையும் சேர்த்து நால்வராக, சோவியத் அணியைப் பின்தள்ளித் தங்கம் வென்றார்கள். யூடித்துக்கு அப்போது வயது 12. 1991இல், 15 வயதில், பொபி பிஷரின் சாதனையை முறியடித்து அவர் கிராண்ட் மாஸ்டரானார். 2002இல் கஸ்பரோவையும் ஒரு ஆட்டத்தில் வென்றார். அவர் தந்தை 1994இல் வெளியிட்ட நூலில் 5,334 புதிர்களும் ஆட்டங்களும் உள்ளன. எத்தனை நாள் உழைப்பு அந்த வெற்றிகளின் பின்னால் இருந்தது என்பதை அந்த எண்ணே சொல்லும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எங்களில் பலர் சாதாரண தரப் பரீட்சை வந்ததும் பலகையை அலுமாரிக்குமேல் வைத்தோம், திரும்ப எடுக்கவேயில்லை. பரீட்சைக் காலத்தில் நேரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை போட்டி முடிந்து வந்ததும் "வெண்டியா?" என்று கேட்பதற்கு முன் சாப்பாட்டைக் கொடுங்கள். பிறகு, "அந்த ஆட்டத்தை எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் இருங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது அவளுக்கே பிழை தெரிந்துவிடும்.

தங்கைகளே, நூற்றாண்டு கண்ட இச்சங்கத்திடமிருந்து கிண்ணங்களை எதிர்பார்ப்பீர்கள். அவற்றை நீங்களே வென்று வாருங்கள். நாங்கள் தருவது ஆளுக்கொரு கொப்பி. தோற்ற ஆட்டங்களுக்கு மட்டுமான கொப்பி அது. அது நிரம்பியதும் எங்களிடம் கொண்டுவாருங்கள். உங்களோடு இருந்து பார்க்க நாங்கள் வருவோம்.