மறைத்தால் வளரும் நோய்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் மகிழ்ச்சியான பொருளைப் பேசுவதே முறை. எனினும், நம் குடியிருப்பின் பெற்றோர் அனைவரும் ஒருங்கே கூடும் நாள் இஃதொன்றே ஆதலின், போதைப் பழக்கத்தைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

போதை என்றதும், அஃது எங்கோ எவர் வீட்டிலோ நிகழ்வது என எண்ணுகின்றோம். மத்திய அரசின் பொருட்டு அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நாடெங்கும் நடத்திய ஆய்வு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி என்றும், அபின், ஹெராயின் முதலியவற்றைக் கொள்வோர் ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் என்றும் அது கணித்தது. பசை, பெயிண்ட் தின்னர் போன்றவற்றை முகர்ந்து மயங்கும் பழக்கமோ பெரியவர்களைவிடச் சிறாரிடமே மிகுதி என்றது. இவை கள்ளச் சரக்கல்ல. நம் வீட்டு அலமாரியில் இருப்பவை அன்றோ!

முதலில் சிறிதளவே மயக்கம் தருகின்றது. நாளடைவில் அவ்வளவு போதாமையால் அளவு ஏறுகின்றது. பின்னர் நிறுத்தினால் உடல் நடுங்கும், உறக்கம் கெடும். அப்போது அவன் இன்பத்திற்காக அன்று, துன்பம் நீங்குதற்காகவே அதனை நாடுகின்றான். அந்நிலையில் ஏச்சும் அடியும் பயன்படா. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் வலிப்பு முதலிய இடர்களை விளைக்கக்கூடும். அவன் குற்றவாளி அல்லன், நோயாளி.

மற்ற நோய்க்கு மருந்து தேடும் நாம், இதனை மட்டும் மானங்கருதி மறைக்கின்றோம். மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே சிகிச்சை பெறுகின்றார் என்கின்றது அவ்வாய்வு. ஊரிலாயின் மாமனோ சித்தப்பாவோ வாசலில் நின்று கேட்பர். இங்கே கதவைச் சாத்திவிட்டால் கேட்பாரில்லை; ஊருக்குத் தொலைபேசியில் "எல்லோரும் நலம்" என்று சொல்லிவிடுகின்றோம்.

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் அத்துயரை மறைக்கவில்லை. 1980-இல் சென்னையில் கணவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையம் நிறுவினார். நோயாளியோடு அவர்தம் குடும்பத்தார்க்கும் அங்கே ஆறுதலும் பயிற்சியும் அளிக்கப்பெற்றன. 1992-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சட்டத்திற்கு அஞ்சியும் சிலர் மறைக்கின்றனர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ, போதைக்கு அடிமையானவர் உட்கொண்டமைக்காகவோ சிறிதளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றஞ்சாட்டப்பெற்று, தாமே முன்வந்து அரசு ஏற்ற நிலையத்தில் சிகிச்சையை நிறைவு செய்தால் வழக்கினின்று விலக்குப் பெற வழிவகுத்துள்ளது. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் உண்டு.

அன்பர்களே! அடுத்த வீட்டில் இத்துன்பம் நேர்ந்தால் புறம்பேசாதீர்; மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். உறவினர் தொலைவில் உள்ள இவ்விடத்தில் நாமே ஒருவர்க்கொருவர் மாமனும் சித்தப்பாவும் ஆவோம். சங்கம் கூடுவதன் பயனும் அதுவே.