நான்கு மணி நேரக் கணக்கு

அரசு மருத்துவமனையைக் கம்பெனி போல நடத்தினால் மருத்துவரும் செவிலியரும் என்ன ஆகிறார்கள் என்பதற்கு இங்கிலாந்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையின் நிர்வாகத்தை ஆராய்ந்து சொல்லுமாறு 1983இல் தாட்சர் அரசு கேட்டுக்கொண்டது, செயின்ஸ்பரி பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ராய் கிரிஃபித்ஸை. அதுவரை மருத்துவர், செவிலியர், நிர்வாகி உள்ளிட்டோர் கூடிப் பேசி ஒருமித்த முடிவெடுப்பார்கள். முடிவு தவறினால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. கிரிஃபித்ஸ் சுட்டிய இந்தக் குறை உண்மையானதுதான். அவர் பரிந்துரைப்படி பொது மேலாளர்கள் வந்தார்கள். 1991இல் சிகிச்சையை வாங்குவோர், விற்போர் எனச் சேவையே இரண்டாகப் பிரிந்தது. 2001இல் ஓட்டலுக்குப் போடுவதுபோல மருத்துவமனைகளுக்கும் நட்சத்திரம் போட்டார்கள். இவற்றால் பணிச்சுமை கூடியது என்றே பலரும் குறைசொல்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சுமை என்றுதான் இல்லை? என் வாதம் வேறு: செவிலியர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே மாறிவிட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு 98 பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து அனுப்ப வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். இலக்கின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையில் நடந்ததைப் பாருங்கள். தன்னாட்சித் தகுதி பெறும் முனைப்பில் இருந்த அந்நிர்வாகம், 2006-07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க முனைந்து 150க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. பிறகு நடந்த விசாரணை கண்டவை இவை: அவசரப் பிரிவுக்கு வந்தவரின் நோய் எவ்வளவு கடுமையானது என்று முதலில் கணித்தது மருத்துவப் பயிற்சியில்லாத வரவேற்பு ஊழியர், இதயத் துடிப்பைக் காட்டும் கருவியை இயக்கத் தெரியாத செவிலியர்கள் அதை அணைத்து வைத்தார்கள்; நான்கு மணி நேரக் கெடு தாண்டிவிடக் கூடாதே என்று கடும் நோயாளியை விட்டுவிட்டுச் சிறு காயத்துக்கு வந்தவரைக் கவனிக்க மருத்துவர்கள் இழுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியாமலா இருந்தது? தெரிந்ததைச் செய்தால் கணக்கு கெடும், கணக்கு கெட்டால் வேலைக்கு ஆபத்து. இத்தனைக்கும் 2008 பிப்ரவரியில் அம்மருத்துவமனைக்குத் தன்னாட்சித் தகுதி கிடைத்தது, தாளில் எல்லாம் சரியாக இருந்ததால்.

இலக்கு இல்லாத காலம் பொற்காலமா என்று கேட்பீர்கள். இல்லை. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையில் இறப்பு மிகுந்தபோது மருத்துவர் வட்டாரமே அதைப் பல்லாண்டு மூடி வைத்திருந்தது. வெளியிலிருந்து எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. 2000க்குப் பின் கடும் இலக்கு வைத்த இங்கிலாந்தில், வேல்ஸைவிடக் காத்திருப்பு வேகமாகக் குறைந்ததும் உண்மை. ஆகவே எண்ணுவது குற்றமில்லை. எண்ணிக்கையை மேலாளரின் நாற்காலியோடு கட்டிவிட்டு, அதை எட்ட ஆள் போதாது என்று சொல்கிறவரின் வாயை அடைப்பதே குற்றம். நிர்வாகத் திறமையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் போட்டு வழங்கியது. பெரும் பயன் விளைந்தது. மாத்திரை எண்ணத் தக்க பொருள். அந்தக் கழகம் எந்த நோயாளியை முதலில் பார்ப்பது என்று மருத்துவருக்குச் சொல்ல வரவில்லை. எல்லை அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாஃபோர்ட் பற்றி விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் தந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. சிகிச்சையில் கேடு நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமை 2014இல் சட்டமானது. அது கேடு நடந்த பின் பேசும் சட்டம். நடக்குமுன் பேசவும் இடம் வேண்டும். நம் ஊரில் மருத்துவமனைகளுக்கு இலக்கு வகுக்கும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: அதற்கான கூட்டத்தில் வார்டு செவிலியருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்; இத்தனை ஆட்களை வைத்து இது முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்து அதன் மேல் கையெழுத்திடுங்கள்.