ஒன்பது கோட்டில் தேயிலை

தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வீடுகளிலும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சீன எழுத்து ஒன்றே ஒன்றைப் பார்க்கப் போகிறோம். வானொலியில் எழுத்தைக் காட்ட வழியில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் போட வேண்டும்.

எழுத்து, தேயிலை. 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்ற துரை மூணாறு மலையில் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். அந்தச் செடியின் தாய்நாட்டில் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்? சொல்லும்போது 'ச்சா' என்று குரலைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும்.

போடலாமா? மேலே இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு. அதை வெட்டி இரண்டு குட்டி நிமிர்ந்த கோடுகள், இடப்பக்கம் முதலில். இந்த மூன்றும் சேர்ந்தால் புல். செடி கொடிகளைக் குறிக்கும் எழுத்துகள் பலவற்றின் தலையில் இது உட்கார்ந்திருக்கும். அதன் கீழே உச்சியிலிருந்து இடப்பக்கம் சரியும் நீண்ட கோடு. அங்கிருந்தே வலப்பக்கம் இறங்கி, முடிவில் கனத்து நிற்கும் இன்னொன்று. பார்க்க ஓட்டுக் கூரை மாதிரி இருக்கும். தனியாக எழுதினால் இதுவே மனிதன். கூரைக்குள் ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டி இறங்கும் நிமிர்ந்த கோடு, கடைசியாக இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு, வலப்பக்கம் ஒன்று. கீழே இருப்பது மரம். எண்ணிப் பாருங்கள், ஒன்பது.

கடைசிக் கோட்டில்தான் நுணுக்கம் இருக்கிறது. மரத்தைத் தனியாக எழுதினால் வலப்பக்கக் கோடு நீண்டு, கனத்து முடியும். இங்கே அது ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. கூரையில் ஏற்கெனவே அப்படியொரு கோடு விரிந்துவிட்டது. ஒரே எழுத்தில் இரண்டு விரிந்தால் கண்ணுக்கு இடிக்கும் என்பது சீன எழுத்துக்கலையின் கணக்கு. புதிதாக எழுதுபவர்கள் கூரையை ஒடுக்கிவிடுவார்கள். அது தலையிலுள்ள புல்லைத் தாண்டி இரண்டு பக்கமும் அகல விரிய வேண்டும். அப்போதுதான் எழுத்து நிற்கும்.

புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன் நிற்பதுதான் தேயிலை என்று சீனர்களே அழகாக விளக்குவார்கள். மனப்பாடத்துக்கு நல்ல உத்தி, வரலாறு வேறு. கசப்புச் செடியைக் குறித்த ஒரு பழைய எழுத்தில் படுக்கைக் கோடு ஒன்று குறைந்துதான் இது பிறந்தது. 8-ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் எழுதிய லூ யூ காலத்தில் இந்த வடிவம் நிலைபெற்றது. இன்னொரு வேடிக்கை: புல்லின் பழைய வடிவத்தை இரண்டு பத்துகளாகவும், கீழே உள்ளதை எண்பத்தெட்டாகவும் பிரித்துப் படிக்கலாம். கூட்டினால் 108. அதனால் 108 வயதைச் சீனர்கள் தேயிலை வயது என்கிறார்கள். 108 என்றால் நமக்கும் ஒரு ஈர்ப்பு உண்டல்லவா!

இனி, எழுதும் கருவியைப் பார்ப்போம். விஜயதசமியன்று சித்தூரில் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடத்தில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். தமிழும் மலையாளமும் ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தவை. நேர்க்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால் நம் எழுத்துகள் சுழித்து உருண்டன என்பார்கள். சீன எழுத்து தூரிகையில் வளர்ந்தது. அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். கோடுகளுக்கு வரிசை வைத்ததும் அதனால்தான். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், நிமிர்ந்ததற்கு முன் படுத்தது. வேகமாக எழுதும்போது தூரிகை தடைபடாமல் ஓட வேண்டுமே. பெய்ஜிங் பூங்காக்களில் முதியவர்கள் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுதுவார்கள். வெயிலில் உலர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. 2009-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது சீன எழுத்துக்கலையைத்தான்.

இனி, எழுத்தைப் புழங்குவது. இலை என்ற எழுத்தைப் பின்னால் சேர்த்தால் உலர்ந்த தேயிலை, பாலைக் குறிக்கும் எழுத்தை முன்னால் வைத்தால் நம் பால் டீ. சிவப்பை முன்னால் வைத்தால் மூணாறு ஃபேக்டரியிலிருந்து வருகிற கறுப்புத் தேயிலை. சீனர்கள் அதன் சாற்றின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். 1956-க்குப் பின் சீன அரசு ஏராளமான எழுத்துகளை எளிமையாக்கியபோதும் இதைத் தொடவில்லை. பெய்ஜிங், தைவான், சிங்கப்பூர், ஜப்பான் எங்கே கடைப் பலகையில் பார்த்தாலும் நீங்கள் இதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

1988-இல் வெளியான அரசுப் பட்டியலில் அன்றாட எழுத்துகள் மட்டும் 3,500. கேட்டதும் மலைப்பாக இருக்கும். செல்போன் செயலியில் ஒரே வாரத்தில் நூறு எழுத்து என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒலியைத் தட்டச்சு செய்து பட்டியலில் பொறுக்கி எடுத்தே பழகிய சீன இளைஞர்கள், பேனா பிடித்தால் தெரிந்த எழுத்தே கைக்கு வரவில்லை என்று புலம்புகிறார்கள். கையால் எழுதிப் படித்ததே தங்கும்.

ஆகவே ஒரு கட்டம் போட்ட நோட்டில் பக்கம் நிறைய இதையே எழுதுங்கள். இது வந்துவிட்டால் இரண்டு கோட்டில் மனிதனும் நான்கு கோட்டில் மரமும் தாமாகவே வந்திருக்கும், அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் மரத்துக்கு நீட்டிவிடுங்கள். அடுத்த வாரம் மலை. அதற்கு மூன்றே கோடு. பேனாவோடு தயாராக இருங்கள்.